எலியார் சொன்ன யோசனை

புளியங்கொட்டை புதைத்துத் தரும் அணில் கம்பெனியில், எதை எங்கே புதைத்தோம் என்ற விவரம் அடிக்கடி மறந்துபோனது. விவரங்களைச் சேமிக்க எல்லோருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி போதுமா, நாற்பது வயர் இழுத்துத் தனி நெட்வொர்க்கே போட வேண்டுமா என்று முதலாளி அணில் ஆலோசகர் எலியாரிடம் யோசனை கேட்டார். எலியார் இரண்டின் வயரையும் கடித்துப் பார்த்தார்.

“பெட்டிக்கு ஒரே வயர்தான் சார், ஒரு வாய்க்குக்கூடப் பத்தாது. தனி நெட்வொர்க்தான் மொறுமொறுன்னு இருக்கு. கண்ண மூடிட்டு வாங்குங்க.”

“கிளவுட்ல வைக்கலாம்னு காக்கா சார் சொல்றாரே?”

“அங்க கடிக்க என்ன சார் இருக்கு?”

முதலாளி அன்றே நாற்பது வயருக்கும் ஆர்டர் கொடுத்தார்.

“வருஷப் பராமரிப்பையும் நானே பாத்துக்கறேன் சார். சம்பளம் வேண்டாம், சாப்பாடுகூட நானே பாத்துக்குவேன்” என்றார் எலியார்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.