கினிப்பன்றிக்குத் துணை

இரண்டு புல்ஸ்காப் தாள். நாலு பக்கமும் எழுத்து.

புளோறன்ஸ் ரீச்சர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"காலை ஏழு மணி: கங்குன் கீரை ஒரு பிடி. ஈரம் துடைத்துப் போடவும். தண்ணீர் மாற்றவும். மாலை ஆறரை: கரட் ஒரு துண்டு. கறன்ற் நின்றதும் இருட்டுக்குப் பயப்படுவார்கள். விளக்கைக் கொளுத்தி, கறன்ற் வரும்வரை பக்கத்தில் இருக்கவும். மனிதக் குரல் கேட்டால் பயம் தெளியும்."

"ஆர் பயப்படுவினம்?"

"கினிப்பன்றியள்தான் ரீச்சர்," என்றாள் கீழ்வீட்டுச் சிவமணி.

அவளுடைய தம்பி லண்டனிலிருந்து வந்து மெட்ராஸில் கலியாணம் முடிக்கிறான். புருஷன், பிள்ளைகளோடு பத்து நாள் பயணம். பிள்ளைகள் வளர்க்கிற, முயல்குட்டி அளவான இரண்டு கினிப்பன்றிகளையும் மேல்வீட்டு ரீச்சரிடம் பொறுப்புக் கொடுக்க வந்திருந்தாள்.

"அதுகளை இஞ்சை கொண்டுவந்து விடுமன்."

"இடம் மாறினா சாப்பிடாதுகள் ரீச்சர். நீங்கள்தான் கீழை வரவேணும்."

"அப்ப உம்மடை மாமா?"

மாமா என்பது சிவமணியின் மாமனார் இரத்தினசிங்கம். றெயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்ரராய் இருந்து பென்சன் எடுத்தவர். தண்டவாளம் இல்லாத வண்டியில் ஏறமாட்டேன் என்று பிளேன் பயணத்துக்கு மறுத்துவிட்டார்.

"அவர் தன்ரை பாட்டைப் பாப்பார்," என்றுவிட்டுச் சிவமணி போய்விட்டாள்.

ரீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுபத்தெட்டு வயது மனிசனைப் பற்றி அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. நல்ல மருமகள்தான்!

முதல் நாள் காலை கீரையோடு போனார். மாஸ்ரர் சாய்மனைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடு குசினிப் பக்கம் இருக்கு," என்றார், பேப்பரை இறக்காமல்.

"காலமைச் சாப்பாடு?"

"கீரை மட்டும் குடுத்தாக் காணும்."

"நான் உங்களைக் கேட்டனான்."

"பாண் இருக்கு."

பாணாம், வெறும் பேக்கரிப் பாண்! அடுத்த நாள் ரீச்சர் கீரையோடு புட்டும் கொண்டுபோனார். "கூடிப்போச்சு, எறிய மனமில்லை" என்று ஒரு பொய்யும் சொன்னார். மாஸ்ரர் முறைத்தார். ஆனாலும் சாப்பிட்டார். மூன்றாம் நாள் பொய் தேவைப்படவில்லை.

அந்த வருஷம் கொழும்பு முழுக்கக் கறன்ற் கட். குண்டுப் பயம் வேறு. பொழுதுபட்டால் வெள்ளவத்தை கும்மிருட்டில் கிடக்கும். ரீச்சர் கரட்டோடு கீழே வந்து, வாசல் கதவைத் திறந்து வைத்து, அரிக்கன் லாம்பைக் கொளுத்துவார். கூட்டுக்கு அந்தப் பக்கம் மாஸ்ரர், இந்தப் பக்கம் ரீச்சர். மனிதக் குரல் கேட்க வேண்டுமாமே! மாஸ்ரர் தண்டவாளத்தில் படுத்த எருமையை எழுப்பிய கதையைச் சொல்லுவார். ரீச்சர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரைச் சமாளித்த கதையைச் சொல்லுவார்.

ஒருநாள் கதையோடு கதையாய் ரீச்சர் கேட்டுவிட்டார்.

"மருமகள் உங்களுக்கெண்டு ஒண்டும் ஒழுங்குபண்ணிப்போட்டுப் போகேல்லையோ?"

"எனக்கென்ன ஒழுங்கு? நான் என்ன கூட்டுக்குள்ளையே இருக்கிறன்?"

மாஸ்ரர் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை. சிவமணி வரட்டும், நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் இருட்டுக்குள் எங்கேயோ 'டமார்' என்றது. ரீச்சர் கதிரையோடு துள்ளினார்.

"ஒண்டுமில்லை ரீச்சர். பஸ் ரயர் வெடிச்சிருக்கு."

"ஆர் பயந்தது? கினிப்பன்றி பயந்திட்டுதோ எண்டு பாத்தனான்."

கினிப்பன்றிகள் கரட்டை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை. மேலே தன் வீட்டில் என்றால் ரீச்சர் இந்நேரம் கட்டிலில் ஏறி, போர்த்து மூடிக்கொண்டு செபமாலை உருட்டியிருப்பார். கூட இருந்த தங்கை கனடாவுக்குப் போன நாள்முதல் அதுதான் வழக்கம். அதை அவர் எவருக்கும் சொன்னதில்லை.

பத்து நாள் போனதே தெரியவில்லை. சிவமணி குடும்பம் வந்திறங்கியது. பிள்ளைகள் நேரே கூட்டுக்கு ஓடினார்கள்.

"அம்மா, ரெண்டும் பூசணிக்காய் மாதிரிக் கொழுத்திட்டுதுகள்!"

சிவமணி சிரித்துக்கொண்டே ஒரு பட்டுச் சேலையை நீட்டினாள். ரீச்சர் வாங்கவில்லை.

"சேலை கிடக்கட்டும். அந்தச் சீவன்களுக்கு நாலு பக்கம் எழுதின உமக்கு, மாமாவைப் பற்றி எழுத ஒரு வரி கிடைக்கேல்லையோ?"

சிவமணி அறைக் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எழுதியிருந்தா உங்களை உள்ளுக்கு விட்டிருப்பாரே ரீச்சர்? போனமுறை சமைச்சுக் குடுக்க ஒரு அம்மாவை ஒழுங்குபண்ணினம். 'நான் என்ன கைக்குழந்தையே' எண்டு அண்டைக்கே அனுப்பிப்போட்டார். கினிப்பன்றிக்கு இருட்டென்ன, வெளிச்சமென்ன? லாம்பு கொளுத்தப்போய் மாமா விழுந்திடுவாரெண்டு எனக்குத்தான் பயம்."

இந்தப் பிள்ளையையா இத்தனை நாளும் மனதுக்குள் திட்டினோம் என்று ரீச்சருக்கு வெட்கமாயிருந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. ஒருத்தரையும் அண்டவிடாத மனிசனை, அவருக்கே தெரியாமல் பத்து நாள் பார்த்துக்கொண்டோமே! சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அறைக்குள் மாஸ்ரர் மகனிடம் சொல்வது கேட்டது.

"இனிமேலும் எங்கை போனாலும் கினிப்பன்றியை ரீச்சரிட்டையே பொறுப்புக் குடுத்திட்டுப் போங்கோ. தனிய இருக்கிற மனிசி, இருட்டெண்டா நடுங்கிறா. வந்து இருங்கோ எண்டு கூப்பிட்டா வரமாட்டா, ரோசக்காரி. அதுதான், அதுகளுக்கு நான் விடியவெள்ளணவே கீரை போட்டிடுறதை அவவுக்குச் சொல்லேல்லை."