உச்சிக் கல்

மூன்றாவது சீவலிலும் குவார்ட்ஸ் தெரிந்தது.

வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குக் கல்லைத் தேய்த்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டிய சீவல்கள். ஆய்வகத்திலிருந்து அன்றுதான் வந்திருந்தன. கல்லம்மா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

கல்லம்மா என்பது அவளிடம் நிலவியல் படித்த மாணவர்கள் வைத்த பெயர். முப்பது வருஷம் ஒரே மலையைக் கட்டிக்கொண்டு அழுதவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அந்த மலை முழுக்க நெபிலின் என்ற கனிமம் மண்டிய பாறை. நெபிலினும் குவார்ட்ஸும் சக்களத்திகள். ஒன்று குடியிருக்கும் பாறையில் இன்னொன்று கால் வைக்காது.

அப்படியென்றால் இது அந்த மலையின் கல்லே இல்லை.

முழங்கால் அறுவைக்குப் பிறகு அவளால் மலையேற முடியவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற கணவர்தான் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். புதிய சோதனைக்கு உச்சிக் கல் ஒன்று போதும். அந்த மலையாக இறுகிய பழங்காலப் பாறைக்குழம்பு பூமியின் ஆழத்திலிருந்து நேராக வந்ததா, வரும் வழியில் மேலோட்டையும் கரைத்துக்கொண்டு வந்ததா என்ற அவளுடைய ஆயுட்காலக் கேள்விக்கு அதில்தான் விடை. முதல் கல் மழையில் மக்கியிருக்கிறது என்றாள். இன்னும் இரண்டு முறை போய்வந்தார்.

எங்கே போய்வந்தார்?

இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சட்டையில் வியர்வைக் கறை இல்லை. ஷூவில் ஒரு கீறல் இல்லை. மலை எப்படி இருக்கிறது என்று கேட்டால் அப்படியேதான் இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வழியில்தான் அவர் பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் வீடு. புருஷன் இல்லாதவள், நன்றாகச் சிரிப்பாள்.

இந்த வயதில் போய் என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அவர் மாத்திரையும் தண்ணீருமாக உள்ளே வந்தார்.

“இந்தக் கல்லை எந்த வீட்டு வாசல்ல பொறுக்கினீங்க?”

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அங்க மலையே இல்ல. டைல்ஸ் கம்பெனிக்காரன் மொத்தமா வெட்டி எடுத்துட்டான். நான் மொத தடவை போனப்பவே பள்ளந்தான் இருந்துச்சு. பக்கத்து மேட்டுல இதே நிறத்துல கல்லு கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான், கொஞ்சமும் வெட்கமில்லாமல். அது அடங்கிய பிறகுதான் முப்பது வருஷத்து மலை போய்விட்டது என்பது உறைத்தது.

மாத்திரையை வாங்கி விழுங்கினாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மலையின் பழைய வரைபடத்தை மேசையில் விரித்தாள்.

“எந்தப் பக்கத்துலேர்ந்து வெட்ட ஆரம்பிச்சாங்க?” என்று கேட்டாள்.