சரி என்றவர்

போன வாரம் குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டபோதும் அருமைநாயகம் தரையோடுதான் சண்டை போட்டார். இன்று காலை மனைவி தில்லைவடிவு, "உப்புமா செய்யட்டுமாங்க?" என்றாள்.

"சரிம்மா," என்றார்.

வீட்டில் பேசுவதைக் கேட்டு உடல்நலத்தைக் கண்காணிக்கும், சுவரில் இருந்த மருத்துவக் கருவி அலறியது. "குணம் மாறியிருக்கிறது. மூளையைச் சுற்றி ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டேன்."

"ஒரு உப்புமாவுக்கா இந்தக் கூப்பாடு?" என்றவள், அவரிடம் மெதுவாகக் கேட்டாள். "எங்கம்மா ஒரு மாசம் இங்க வந்து இருக்கட்டுமா?"

"தாராளமா."

தில்லைவடிவு அலறிக்கொண்டு வாசற்கதவைத் திறக்க ஓடினாள்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தவரிடம், நினைவு திரும்பிவிட்டதா என்று பார்க்க டாக்டர் அவருடைய பெயரைக் கேட்டார்.

"பேரு தெரியாமலேயா மண்டையில ஓட்டை போட்டீங்க?"

தில்லைவடிவு கண்களைத் துடைத்துக்கொண்டாள். "இவரேதான், டாக்டர்."