கேள்வி கேட்காத சம்பந்தி

பேரம் பேசாமல் வாங்குகிறவன் நீட்டும் நோட்டை இரண்டு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது விருதுநகர்ப் பாத்திரக்கடைக்காரர் தங்கப்பழத்தின் வழக்கம்.

அன்று அவர் மகள் பொற்கொடியைப் பெண் பார்க்க வந்தவர்கள், எலும்பு முறிந்தபோது அவள் தொடைக்குள் வைத்த கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த வீட்டார் வந்தாலும் முதல் கேள்வியே அதுதான். உலோகத்துக்குள் இருக்கும் நுண்மணிகளை இன்னும் பொடியாக்கி இறுக்கிச் செய்த புதுக் கம்பி ஆயுசுக்கும் உடையாது. பழைய கம்பிக்காரர்கள், விரிசல் விட்டிருக்கிறதா என்று மாதந்தோறும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். பொற்கொடிக்குப் பழசு. மூன்று சம்பந்தம் அதனாலேயே தட்டிப்போயிருந்தது.

"கேக்கலைன்னா நல்லதுதான?" என்று அடுக்களையில் கேட்டாள் மனைவி தனபாக்கியம்.

"கேக்காதவன் சரக்குதான் சொத்தையா இருக்கும். நீ சும்மா இரு."

கூடத்துக்கு வந்தவர் மாப்பிள்ளை முத்தரசனைப் பார்த்துச் சிரித்தார். "தம்பிக்குக் கம்பி ஏதும் உண்டோ?"

"வலது கால்ல உண்டு மாமா."

"புதுசுதான?"

"பழசு."

தங்கப்பழத்தின் புருவம் ஏறியது. "அதான பாத்தேன்! இத மறைக்கத்தான் எங்கள ஒண்ணும் கேக்கலையாக்கும்?"

"கேக்க என்ன மாமா இருக்கு? நாலு வருசமா மாசாமாசம் எக்ஸ்ரே வாசல்ல ஒரே பெஞ்சுலதான உக்காந்திருக்கோம்."

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். தங்கப்பழம் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, உனக்கும் தெரியுமா?"

"கேசரி ஆறுது. எடுத்துக் குடுங்க" என்றாள் தனபாக்கியம்.