ஒபியோரா வந்த மதியம்

டேனிஷ் நகரமான ஹேர்னிங்கில் ஒரு மண்டபத்தின் பின்புறம், கார்கள் நிற்கும் இடத்தில், மதிய வெயிலில் அது ஆடுகிறது. மர முகம், உடம்பெல்லாம் காய்ந்த நார், ஒரு விரலைக்கூட வெளியே காட்டாத கையுறை. போன வருடம் செத்துப்போன ஒபியோராவின் ஆவி மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கிறது என்று அவனுடைய ஆப்பிரிக்க இனத்தவரான இக்போக்காரர்கள் மேளம் அடிக்கிறார்கள். அவனோடு பதினொரு வருடம் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த தவசீலன் ஓரமாக நின்று பார்க்கிறான்.

"உள்ளுக்க ஒபியோராவின்ர தம்பி சுக்காதானே? நடையைப் பாருங்கோ," என்று மனைவி சயந்தினி சிரிக்கிறாள்.

"சத்தம் போடாதையும். கலை வந்து ஆடேக்க ஆளின்ர பேர் கேக்கிறதே?"

அவனுடைய ஊர்க் கோயிலில் தபால்காரர் மீதுதான் அம்மன் கலை ஏறும். காலையில் கடிதம் கொடுத்த அதே ஆள்தான். ஆனாலும் அந்த நேரத்தில் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மஞ்சள் தண்ணீர் ஊறிய அந்த வேட்டியின் மணம் இப்போது, இந்தத் தார்த் தரையில், அவன் மூக்கில் ஏறுகிறது.

ஒபியோராவின் மனைவி இஃபியோமா அந்த மர முகத்தின் முன்னால் எட்ட நின்று குனிகிறாள். பக்கத்தில் நிற்கும் தன் பிள்ளைகளுக்கும் விளங்கட்டும் என்று அதனிடம் டேனிஷில் பேசுகிறாள்.

"உங்கட தம்பி ஒவ்வொரு நாளும் வந்து எங்களை ஊருக்குப் போகச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார். நாங்கள் போகமாட்டம். பிள்ளையள் இங்கதான் படிக்கும். அவருக்கு நீங்களே சொல்லுங்கோ."

மேளம் நிற்கிறது. நாரில் காற்று சரசரக்கிறது. சயந்தினி இப்போது சிரிக்கவில்லை. கையுறைக்குள் விரல்கள் மடங்குகின்றன, பிறகு மெல்ல விரிகின்றன. மர வாய்க்குள்ளிருந்து மூக்கால் வருகிற கீச்சுக் குரல் டேனிஷிலேயே பதில் தருகிறது.

"சொல்லுறன்."