பாதி மைதானம்

“ஃபைனல்ஸ் அன்னிக்குப் படுத்துகினு போன் பாக்கிறியா? மனுசனாடா நீ?”

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி. கேப்டன் அன்பரசன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றான். மஞ்சள் ஜெர்சியெல்லாம் மண். நாலு கோல் வாங்கித் தோற்றுவிட்டு நேராக வருகிறவனுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

“நீ வீசற பந்து பாதி கிரவுண்டு தாண்டாது. உன்னப் போயி கீப்பரா எடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்!”

போர்வைக்குள் கிடந்த சித்தார்த் தலையைக்கூடத் திருப்பவில்லை.

“கத்தாத மாமு. இப்ப எறங்கிடும்.”

“இன்னாது?”

“பிளேனு.”

அன்பரசன் எட்டிப் பார்த்தான். போனில் ஒரு வரைபடம். அதன் மேல் எறும்பு மாதிரி ஒரு விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது.

“நேத்து சாயங்காலம் மீனம்பாக்கத்துல ஏறிச்சு. துபாய்ல வேற பிளேன் மாறி, ஆப்பிரிக்காவத் தாண்டி, அட்லாண்டிக் கடலையும் தாண்டிடுச்சு. பதினாலாயிரம் கிலோமீட்டரு மாமு! ஒரே நாள்ல போவுது. இன்னாமா பறக்குது பாரேன்!”

கோபத்தோடு வந்தவனுக்கும் வாய் பிளந்துதான் போயிற்று. காசிமேட்டு மீன்பிடி லாஞ்சில் ஒரு தடவை ஏறி, கரை மறைந்ததற்கே வாந்தி எடுத்தவன் அவன்.

“எந்த ஊருக்கு?”

“பிரேசிலு.”

பந்து உதைக்கிற எவனுக்கும் அந்தப் பெயர் சாமி பெயர் மாதிரி. அதுவே அன்பரசனுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

“அங்க உனக்கு இன்னா வேல? பொண்ணு கிண்ணு பாத்துகினியா?”

“பொண்ணுதான். ஆஸ்பத்திரில கீது. ஆறு வயசாம். பேரு சொல்ல மாட்டாங்களாம்.”

“பேஜார் பண்ணாத, சித்து!”

“எறங்கிடுச்சு!” சித்தார்த் எழுந்து உட்கார்ந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். “பொட்டி போய்ச் சேந்துடுச்சு மாமு!”

போர்வை நழுவியது. இரண்டு கை மடிப்பிலும் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“போன வருஷம் கிரவுண்டுல கேம்ப் போட்டு, வாய்ல பஞ்சு வச்சு எச்சி எடுத்தாங்களே, நீயும்தானே குடுத்த. அவ்ளோ பேர்ல அந்தப் பாப்பாக்கு என்னுது பொருந்திச்சாம். பிளட் கேன்சரு. ரத்தம் ஊற வைக்கிற செல்லு என் ஒடம்புலேர்ந்து நேத்து எடுத்து, ஐஸ் பொட்டில வச்சு அனுப்புனாங்க. பாப்பா ஒடம்புல இருந்தத மருந்து குடுத்து மொத்தமா அழிச்சுட்டாங்களாம். இது போவலன்னா அது பொழைக்காது. மேட்ச்சுக்காகத் தேதி மாத்த முடியல. அதுக்குப் போட்ட ஊசில மண்ணீரலு வீங்கிகீதாம், வயித்துல பந்து படக்கூடாதுன்னாரு டாக்டரு.”

“எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா?”

“உங்கிட்ட சொன்னா எங்க அம்மாகிட்ட சொன்ன மாதிரி. அது பயந்துபோயி வுட்டிருக்காது.”

அன்பரசன் போனை வாங்கி, வரைபடத்தை விரலால் சுருக்கினான். ஒரு ஓரத்தில் சென்னை. மறு ஓரத்தில் பிரேசில். நடுவில் எத்தனை நாடு, எத்தனை தண்ணீர்.

வாசலுக்குப் போய் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்பி வந்து சித்தார்த் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“பாதி கிரவுண்டு தாண்டாதுன்னு சொன்னேனே... பூமிக்கே அந்தாண்ட வீசிட்டியேடா!”