மஞ்சள் சீட்டு

காலைக் கூட்டத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது அந்த மென்பொருள் குழுவின் சட்டம். பொறுப்பு எல்லாருக்கும் பொது என்பது இன்னொரு சட்டம். ஆனால் செயலி படுத்துவிட்டால், யாருடைய தவறு என்று பலகையில் ஒட்டும் மஞ்சள் சீட்டில் சோதனை பார்க்கும் பூங்கோதையின் பெயர் மட்டும்தான் இருக்கும். அன்றும் அப்படித்தான்.

"நீங்கதானே மேடம் டெஸ்ட் பண்ணீங்க?" என்று இளித்தார் குழுவை நடத்தும் செல்வின்.

நேற்று, சோதிக்க இன்னும் ஒரு நாள் கேட்டவள் அவள். வேண்டாம், இன்றே வெளியிடலாம் என்று கை தூக்கிய மகராசன்கள் மற்ற ஐந்து பேர்.

பூங்கோதை சீட்டை உரித்தாள். நாற்காலியை நடுவில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"கை தூக்குன அஞ்சு பேரும் இதுல பேரெழுதுங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

ஐவருக்கும் சரியாக அந்நேரம் பார்த்துச் செல்போனில் அவசர வேலை வந்துவிட்டது. நேற்று எவ்வளவு சுறுசுறுப்பாக உயர்ந்த கைகள்!

பேனாவை நீட்டியபடியே அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.